டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் – இறுதித் தேர்வும் இசைவும்

1. முன்னுரை

காப்பியமாயினும் நாடகமாயினும் புதினமாயினும், கதைமாந்தர்க்கு நேரும் அறச்சிக்கலைப் படிப்போர் புறத்தே நின்று காண்பர். தலைவன் தவறான வழியைத் தேர்ந்தால் வருந்துவர். நல்வழியைத் தேர்ந்தால் மகிழ்வர். தேர்வு எவ்வாறு அமையினும் அதற்குப் படிப்போர் பொறுப்பாவதில்லை. கணிப்பொறிவழி ஆடப்பெறும் பாத்திரமேற்பு விளையாட்டில் இந்நிலை மாறுகிறது. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்று, அவர் பேசும் சொற்களையும் செய்யும் செயல்களையும் தாமே தெரிந்தெடுக்கிறார். ஆகவே இவ்வகைப் படைப்பை ஆராயுமிடத்து, ‘தலைவன் செய்தது முறையா?’ என்னும் பழைய வினாவோடு, ‘முறை எது என்று தீர்மானிக்கும் சுமையைப் படைப்பு எவ்வாறு ஆடுபவர் தோளில் ஏற்றுகிறது?’ என்னும் வினாவும் எழுகிறது.

கனடா நாட்டின் எட்மன்டன் நகரில் அமைந்த பயோவேர் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற படைப்பாகும். டேவிட் கெய்டர் இதன் முதன்மை எழுத்தாளர். இறுதிப் போருக்கு முந்திய இரவில் மோரிகன் என்னும் சூனியக்காரி தலைமை மாந்தரிடம் வந்து ஒரு சடங்கினை முன்வைக்கிறாள். அதனை ஏற்றால் நாளை எவரும் இறக்க வேண்டியதில்லை. மறுத்தால் ஒருவர் இறப்பது உறுதி. இத்தேர்வின் கனம் உயிரிழப்பின் அளவில் தங்கியிருக்கவில்லை. விலையைக் கொடுக்க வேண்டியவரின் இசைவு பெறப்பட்டதா என்பதில் தங்கியுள்ளது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோடிப் படைப்புகள்

பாத்திரமேற்பு விளையாட்டில் அறத்தேர்வு புதிதன்று. ரிச்சர்ட் கேரியட் படைத்த ‘அல்டிமா 4’ (1985) எட்டு நற்பண்புகளை அடிப்படையாகக் கொண்டது. அதன் தொடக்கத்தில் குறிசொல்லும் பெண்ணொருத்தி, இரு நற்பண்புகள் தம்முள் மோதும் சூழல்களை எடுத்துரைத்து எதனைத் தேர்வாய் என வினவுகிறாள். விடைகளுக்கேற்ப ஆடுபவரின் தொழில் அமைகிறது. இங்கு இரு பக்கமும் நன்மையே நிற்பதால் சிக்கல் உண்மையானதாக உள்ளது. எனினும் தேர்வினால் எவர்க்கும் தீங்கு நேர்வதில்லை.

பயோவேர் நிறுவனமே 2003இல் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ வேறொரு முறையைக் கையாண்டது. ஆடுபவர் செய்யும் ஒவ்வொரு செயலும் ஒளிப்பக்கம் அல்லது இருட்பக்கம் சார்ந்த மதிப்பெண்ணாகக் கணக்கிடப்படும். கதையின் முடிவை நெருங்கும் நிலையில், பழங்கோயில் ஒன்றின் உச்சியில் எப்பக்கம் சேர்வது என்னும் தேர்வு வருகிறது. ஆனால் எது நன்று, எது தீது என்பதைப் படைப்பே முன்கூட்டி முத்திரையிட்டுவிடுவதால், ஆடுபவர் எடைபோட வேண்டிய தேவை குறைகிறது. கையில் தரப்பட்ட தராசின் முள் முன்னரே ஒரு பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

‘ஆரிஜின்ஸ்’ இம்மதிப்பெண் முறையை நீக்கியது. அதற்கு ஈடாக, உடன்வரும் தோழர் ஒவ்வொருவரும் தலைமை மாந்தர்மேல் கொண்டுள்ள விருப்பும் வெறுப்பும் எண்ணளவில் காட்டப்படுகின்றன. ஒரே செயலுக்கு அலிஸ்டர் முகஞ்சுளிக்க, மோரிகன் மகிழ்வாள். ‘இது அறம்’ என்று படைப்பு எங்கும் கூறுவதில்லை. ‘இது இவருக்குப் பிடித்தது, அவருக்குப் பிடிக்கவில்லை’ என்று மட்டுமே கூறுகிறது. இவ்வாறு அளவுகோல் நீக்கப்பட்டு, மனிதர்கள் மட்டும் எஞ்சி நிற்கும் நிலையில்தான் இறுதித் தேர்வு வருகிறது.

3. கதைச் சூழல்

தீடஸ் என்னும் கற்பனைக் கண்டத்தில் ஃபெரெல்டன் நாட்டில் கதை நிகழ்கிறது. நிலத்தடியிலிருந்து இருட்பிறவிகள் திரண்டெழுந்து உலகை அழிக்க முற்படும் பெருங்கேடு இதற்குமுன் நான்கு முறை நேர்ந்துள்ளது, இது ஐந்தாவது. ஆர்ச்டீமன் எனப்படும் பறக்கும் பெருநாகம் அப்படையை நடத்துகிறது. பண்டைத் தெய்வமாகிய ஊர்த்தெமியேல் நோயுற்று மாறிய வடிவமே இப்பெருநாகம். இதனைக் கொல்ல வல்லவர் ‘கிரே வார்டன்’ என்னும் சாம்பல் காவலர் மட்டுமே. மனிதர், எல்ஃப், குள்ளர் ஆகிய இனங்களைச் சார்ந்து ஆறு வகைப் பிறப்புக் கதைகளுள் ஒன்றனை ஆடுபவர் தேர்கிறார். எதனைத் தேரினும் தலைமை மாந்தர் சாம்பல் காவலர் ஆகிறார்.

ஓஸ்டகார்ப் போரில் தளபதி லோகெய்ன் மன்னனைக் கைவிட்டுப் படையோடு விலகுகிறான். காவலர் தலைவன் டங்கன் அப்போரில் மடிகிறான். எஞ்சியவர் தலைமை மாந்தரும் அலிஸ்டர் என்னும் இளைஞனும் மட்டுமே. இருவரையும் காப்பாற்றும் ஃபிளெமெத் என்னும் முதிய சூனியக்காரி தன் மகள் மோரிகனை அவர்களோடு அனுப்புகிறாள். நாடெங்கும் துணைப்படை திரட்டியபின், ரெட்கிளிஃப் கோட்டையில் இறுதிப் போருக்கு முந்திய இரவு வருகிறது.

அவ்விரவில் மூத்த காவலன் ரியோர்டன் ஒரு மறைபொருளை வெளியிடுகிறான். பெருநாகம் கொல்லப்பட்டவுடன் அதன் ஆன்மா அருகிலுள்ள நச்சுக்குருதி உயிருக்குள் புகும். இருட்பிறவிக்கு ஆன்மா இன்மையால் அதனுள் புகுந்து நாகம் மீண்டும் பிறக்கும். கொன்றவர் காவலராயின், அவருக்கும் ஆன்மா உண்மையால் இரண்டும் மோதி இரண்டும் அழியும். ஆகவே இறுதி அடியைக் கொடுக்கும் காவலர் இறப்பார். இதன்பின் தன் அறைக்குத் திரும்பும் தலைமை மாந்தருக்காக மோரிகன் காத்திருக்கிறாள். காவலர் ஒருவர் அன்றிரவு அவளோடு கூடினால், கருவுறும் குழந்தை அவ்வான்மாவைத் தன்னுள் ஏற்கும்; காவலர் பிழைப்பார். போர் முடிந்தபின் அவள் குழந்தையோடு சென்றுவிடுவாள். எவரும் அவளைப் பின்தொடர்தல் கூடாது. ஃபிளெமெத் தன்னை அனுப்பியதே இதற்காகத்தான் என்பதையும் அவள் ஒளிக்கவில்லை.

தலைமை மாந்தர் ஆணாயின் தானே உடன்படலாம். அல்லது அலிஸ்டரை உடன்படச் செய்யலாம். பெண்ணாயின் அலிஸ்டரையோ, முன்னர் மன்னிக்கப்பட்டுக் காவலனாக்கப்பட்டிருந்தால் லோகெய்னையோ உடன்படச் செய்ய வேண்டும். மறுத்தால் மோரிகன் அன்றிரவே நீங்கிவிடுவாள்.

4. தொடக்கத்தில் இடப்பட்ட வித்து

இவ்விரவுக் காட்சியைத் தனித்துக் காணின் அது கதையின் முடிவில் வந்து ஒட்டிய திருப்பமாகத் தோன்றும். தொடக்கத்தில் நிகழும் சேர்ப்புச் சடங்கோடு இணைத்துக் காணும்போதே இதன் வேர் புலப்படும். அச்சடங்கில் புதியவர் மூவர் இருட்பிறவியின் குருதி கலந்த கிண்ணத்தைப் பருக வேண்டும். டேவெத் பருகியவுடன் இறக்கிறான். அதனைக் கண்ட ஜோரி பின்வாங்குகிறான், தனக்கு மனைவி உண்டு, அவள் கருவுற்றிருக்கிறாள் என்கிறான், வாளை உருவுகிறான். டங்கன் அவனைக் குத்திக் கொல்கிறான். மூன்றாமவராகிய தலைமை மாந்தர் பருகுகிறார். பருகிப் பிழைத்தவருக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டு வாழ்வே எஞ்சும் என்பது பின்னரே தெரிவிக்கப்படுகிறது.

இங்குக் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, காவலர் அமைப்பு தன் விலையை முன்கூட்டிச் சொல்லாமல் ஆட்களைச் சேர்க்கிறது. விலை தெரியவரும்போது விலகும் வழி அடைபட்டிருக்கிறது. மற்றொன்று, பிறவாத குழந்தை ஒன்று அக்காட்சியிலேயே குறிக்கப்படுகிறது. ஜோரியின் குழந்தைக்கு நேர்ந்த இழப்பு நாட்டின் நன்மைக்கென எவரையும் கேளாமல் எடுத்த முடிவின் விளைவாகும். ரியோர்டனின் மறைபொருளும் இதே இயல்பினது. இறுதி அடியின் விலை டங்கனுக்குத் தெரியும். தலைமை மாந்தருக்கும் அலிஸ்டருக்கும் போர் முந்திய இரவுவரை தெரியாது. ஆக, விலையை மறைத்துப் பொறுப்பை ஏற்றும் அமைப்பினால் இருமுறை ஏமாற்றப்பட்ட ஒருவரிடமே படைப்பு வினவுகிறது: நீ பெற்றதையே பிறர்க்கும் கொடுப்பாயா?

5. தட்டுகளில் வைக்கப்படுவன

சடங்கினை ஏற்பது நாட்டைக் காக்கும் என்னும் கருத்து ஆடுபவரிடையே எளிதில் தோன்றக்கூடியது. பனுவலை நுணுகிக் காணின் அது பொருந்தவில்லை. சடங்கு நிகழினும் நிகழாவிடினும் பெருநாகத்தைக் கொல்லக் காவலர் ஒருவர் வேண்டும். அவர் கொன்றால் பெருங்கேடு ஒழியும். சடங்கு மாற்றுவது ஒன்றை மட்டுமே: கொன்றவர் பிழைப்பார். எனவே ஒரு தட்டில் நாடும் மறுதட்டில் ஒரு தனிமனிதரும் இல்லை. ஒரு தட்டில் காவலரின் உயிர். மறுதட்டில் பண்டைத் தெய்வத்தின் ஆன்மாவைச் சுமந்து பிறக்கப்போகும் குழந்தையும், அதனால் உலகுக்கு நேரக்கூடிய எதிர்பாரா விளைவுகளும்.

இவ்விரு தட்டுகளும் ஒரே தன்மையன அல்ல. காவலரின் இறப்பு அளவறிந்த இழப்பு. யார் இறப்பார், எப்போது, எதன்பொருட்டு என்பன தெளிவு. இறப்பவர் அதனை அறிந்தே முன்செல்கிறார். குழந்தையின் நிலை அளவறியா இழப்பு. அது எத்தகையதாக வளரும் என்பதை மோரிகனும் முழுமையாகக் கூறுவதில்லை. பின்தொடரக் கூடாது என்னும் நிபந்தனையால், பின்னர் அறியும் வழியும் அடைக்கப்படுகிறது. அளவறிந்த இழப்பை இசைந்தவர் ஏற்பதும், அளவறியா இழப்பை இசைவு கேட்கப்படாதவர்மேல் ஏற்றுவதும் என இத்தேர்வைச் சுருக்கிக் கூறலாம்.

மொழி நோக்கிலும் இது விளக்கம் பெறுகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்லே உண்டு. தமிழ், முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதையும் உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்பதையும் வேறுபடுத்துகிறது. ‘எவரும் இறக்க வேண்டியதில்லை’ என்னும் கருத்தில் அடங்கியுள்ள ‘எவரும்’ யார் யார்? அறையில் நிற்கும் இருவரும், அலிஸ்டரும் அதனுள் அடங்குவர். அந்த ‘நாம்’ என்பதனுள் குழந்தை இல்லை. அதனிடம் சொல்ல இயலாது என்பது உண்மையே. ஆயினும் கேட்க இயலாமை கேட்கத் தேவையின்மை ஆகாது.

6. அலிஸ்டரும் ரெட்கிளிஃப் கோட்டையும்

தலைமை மாந்தர் தாமே உடன்படும் வழியைவிட, அலிஸ்டரை உடன்படச் செய்யும் வழியே இத்தேர்வின் கூரிய பகுதியாகும். அலிஸ்டர் மன்னன் மேரிக்கின் முறைப்படாத மகன். தந்தை பெயர் சொல்லப்படாமல் ரெட்கிளிஃப் கோட்டையில் வளர்ந்தவன். சிறுவனாக இருக்கும்போதே சமயச் சபைக்கு அனுப்பப்பட்டவன். அப்பிரிவின் வடு அவன் பேச்சில் பலவிடத்தும் நகைச்சுவையாக மறைந்து வெளிப்படுகிறது. மோரிகனை அவன் விரும்புவதில்லை. பயணம் முழுதும் இருவரும் ஒருவரையொருவர் சொல்லால் குத்திக்கொண்டே வருகின்றனர்.

அதே அலிஸ்டரிடம், அதே ரெட்கிளிஃப் கோட்டையில், தந்தையறியாத ஒரு குழந்தைக்குத் தந்தையாகுமாறு வேண்டப்படுகிறது. அக்குழந்தையை அவன் காணப்போவதில்லை. தான் பட்ட துன்பத்தைத் தன் மகனுக்கும் அளிக்குமாறு கேட்பதே இது. இவ்வொப்புமையைப் படைப்பு வாய்விட்டுச் சொல்வதில்லை. நிகழிடத்தைத் தேர்ந்ததன் வாயிலாகவே உணர்த்துகிறது. தலைமை மாந்தர் பெண்ணாகவும் அலிஸ்டரைக் காதலிப்பவளாகவும் அமையுமிடத்துத் துயரம் இரட்டிக்கிறது. அவன் உயிரைக் காக்க அவனையே மற்றொருத்தியிடம் அனுப்ப வேண்டியவளாகிறாள்.

இவ்விடத்து ஆட்டத்தின் மொழியமைப்பும் துணைசெய்கிறது. ‘ஆரிஜின்ஸ்’ உரையாடல்களில் தலைமை மாந்தருக்குக் குரல் இல்லை. பேச வேண்டிய வாக்கியங்கள் முழுமையாகத் திரையில் எழுத்தாக நிற்கும். அவற்றுள் ஒன்றை ஆடுபவர் தொடுவார். 2011இல் வெளிவந்த ‘டிராகன் ஏஜ் 2’ தலைமை மாந்தருக்குக் குரலளித்து, வாக்கியங்களுக்கு மாற்றாகச் சுருக்கக் குறிப்புகளைத் தந்தது. முன்னதில், அலிஸ்டரை இணங்கவைக்கும் சொற்களை ஆடுபவர் முழுதும் படித்தறிந்தே தெரிவு செய்கிறார். ‘இவ்வாறு கூறுவேன் என்று எண்ணவில்லை’ என்று பின்னர் ஒதுங்க இடமில்லை. இணங்கவைத்தல் என்னும் செயல் ஆடுபவரின் சொந்தச் சொல்லாகவே ஆகிவிடுகிறது.

7. மறுப்பும் தூய்மையும்

மேற்கூறியவற்றால் மறுப்பே குற்றமற்ற வழி எனக் கொள்ளுதல் பொருந்தாது. மறுப்பவர் தாம் இறக்க முன்வந்தால் அவர் நிலை தெளிவானது. ஆனால் மறுத்தபின் யார் இறப்பர் என்பது உறுதியில்லை. மூத்தவனாகிய ரியோர்டன் தானே இறுதி அடி கொடுக்க எண்ணுகிறான். டெனெரிம் நகரின்மேல் நிகழும் போரில் நாகத்தின் சிறகைக் கிழித்து விழுந்து இறக்கிறான். எஞ்சுவோர் இருவர். டிரேக்கன் கோட்டையின் உச்சியில் அவ்விருவருள் ஒருவர் இறக்க வேண்டும். அலிஸ்டரை நகர வாயிலைக் காக்குமாறு கீழே நிறுத்திவிட்டு ஏறினால், இறப்பது தலைமை மாந்தரே. உடன் அழைத்துச் சென்றால், காதல் கொண்ட அலிஸ்டர் தானே முன்பாய்ந்து உயிர்விடுதலும் நேரும். ஆக, யாரை உடனழைப்பது என்னும் சிறு முடிவே உயிர்த் தீர்ப்பாகிறது.

மேலும், நாட்டவையில் அலிஸ்டர் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், அவன் இறப்பு போரால் சிதைந்த நாட்டை மன்னனின்றி விடும். இந்நிலையில் சடங்கினை ஏற்பவர் தம்முயிர் காக்கும் கோழை என்று இகழத்தக்கவர் அல்லர். தோழனைக் காக்க எண்ணும் அன்பும் அறத்தின்பாற்பட்டதே. லோகெய்ன் காவலனாகியிருப்பின் வேறொரு வழி திறக்கிறது. ஓஸ்டகாரில் செய்த பிழைக்கு ஈடாக இறுதி அடியைத் தானே ஏற்க அவன் முன்வருகிறான். முழுமையான இசைவோடு நிகழும் இறப்பு இது. ஆனால் அவனை மன்னித்ததன் விலையாக அலிஸ்டரின் தோழமை முன்னரே இழக்கப்பட்டிருக்கிறது. விலையில்லா வழி ஒன்றுமில்லை. விலையை அறிந்து கொடுப்பவர் யார் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

படைப்பின் குறையும் இவ்விடத்தே சுட்டத்தக்கது. சடங்கினை ஏற்றவருக்கு அதன் விலை இப்படைப்பினுள் எங்கும் காட்டப்படுவதில்லை. நாகம் வீழ்கிறது, காவலர் பிழைக்கிறார், முடிசூட்டு விழா நிகழ்கிறது, பின்னுரைச் செய்திகள் எழுத்தில் வருகின்றன. குழந்தை கண்ணிற்படுவதில்லை. தாம் இறக்கத் துணிந்தவருக்கோ இறுதிச் சடங்குக் காட்சி வாய்க்கிறது. ஒரு பக்கத்தின் விலை கண்முன் நிற்க, மறுபக்கத்தின் விலை முற்றிலும் மறைந்துபோவதால், தராசு தன்னையறியாமல் சடங்கின் பக்கம் சாய்கிறது.

8. தொடர்ப் படைப்புகளில் விடை

2014இல் வெளிவந்த ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ இவ்விடைவெளியை நிரப்ப முயல்கிறது. சடங்கு நிகழ்ந்ததாகக் கொள்ளும் ஆட்டத்தில், மோரிகன் ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவன் கீரனோடு தோன்றுகிறாள். அவன் அச்சந்தரும் பிறவியாக இல்லை; வியப்பான சொற்களைப் பேசும் மென்மையான சிறுவனாகவே இருக்கிறான். பின்னர் ஃபிளெமெத் அவனிடமுள்ள பண்டை ஆன்மாவைக் கோருகிறாள். மகனை விட்டுவிட்டுத் தன்னை எடுத்துக்கொள்ளுமாறு மோரிகன் வேண்டுகிறாள். ஃபிளெமெத் ஆன்மாவை மட்டும் பிரித்தெடுத்துச் சிறுவனை ஊறின்றி விடுகிறாள்.

விளைவு நன்றாக முடிந்தமையால் சடங்கினை ஏற்றதும் நன்றே என வாதிடலாம். அவ்வாதம் வலுவற்றது. தேர்ந்தபோது தேர்ந்தவருக்கு இது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் எவர்மேலும் படாமல் வீழ்ந்தமையால் எறிந்தது முறையாகிவிடாது. மாறாக, இக்காட்சியின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அன்றிரவு பிறவாத குழந்தைமேல் சுமையேற்றிய மோரிகனே, இங்குத் தன்னை விலையாக வைக்க முன்வருகிறாள். ரெட்கிளிஃப் இரவில் இல்லாதிருந்த இசைவு, தாயின் வடிவில் பத்தாண்டுக்குப்பின் வந்து சேர்கிறது. எழுத்தாளர்கள் இச்சிக்கலின் மையம் எது என்பதை அறிந்தே இருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் இவ்விடை நிலைபெறவில்லை. 2024இல் வந்த ‘டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்’ முந்தைய ஆட்டங்களிலிருந்து மூன்றே தேர்வுகளை எடுத்துக்கொள்கிறது, மூன்றும் ‘இன்குவிசிஷன்’ சார்ந்தவை. 2009இன் தேர்வு அதனுள் இடம்பெறவில்லை. தொடர்ந்து வரும் நூல்களால் முன்னைய நூலின் பொருள் விரிவதும் சுருங்குவதும் எல்லா இலக்கிய வகைக்கும் பொதுவாயினும், ஆடுபவரின் சொந்தத் தீர்மானமே கணக்கிலிருந்து விடுபடுவது இவ்வகைக்கே உரிய இழப்பாகும்.

9. முடிவுரை

‘ஆரிஜின்ஸ்’ இறுதித் தேர்வு, உயிரா கடமையா என்னும் பழகிய வடிவில் தோன்றினும், அதன் உட்பொருள் வேறு. சேர்ப்புச் சடங்கில் ஜோரிக்கும், ரியோர்டனின் மறைபொருளில் இளங்காவலர் இருவருக்கும் மறுக்கப்பட்ட இசைவே கதையின் ஊடுசரடு. மோரிகனின் சடங்கு அம்மறுப்பை மேலும் ஒரு தலைமுறைக்கு நீட்டுகிறது. ஆகவே, சடங்கினை மறுத்துத் தாமே இறுதி அடியை ஏற்கும் தலைமை மாந்தரின் முடிவு, இச்சங்கிலியைத் தம்மோடு அறுக்கும் முடிவு என்னும் வகையில் உயர்ந்து நிற்கிறது. தோழனைக் காக்கச் சடங்கினை ஏற்பவர் மன்னிக்கத்தக்கவர். ஆயினும் ஒரு சிறுவனுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர். சடங்கினை மறுத்து, விலையைத் தோழன் தலையில் சுமத்திப் பிழைப்பவர் அவரினும் தாழ்ந்தவர்.

இவ்வகை விளையாட்டுகளைத் திறனாய்வோர் முடிவுகள் எத்தனை, அவற்றுள் எது நன்று என்று எண்ணுவதோடு நின்றுவிடுதல் போதாது. ஒவ்வொரு வழியிலும் விலையைக் கொடுப்பவர் யார், அவரிடம் கேட்கப்பட்டதா, அவ்விலையை ஆடுபவர் காணுமாறு படைப்பு செய்கிறதா என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். முதலிரு வினாக்களுக்கும் ‘ஆரிஜின்ஸ்’ ஆழமான இடமளிக்கிறது. மூன்றாவதில் அது தவறினும், ரெட்கிளிஃப் இரவு பாத்திரமேற்பு விளையாட்டு எழுதிய சிறந்த பக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.